சொல்லாமல் விட்டதை ஏஜென்ட் ஊகித்துக்கொள்ளும்

ரேசர்பே ஏபிஐயில் ஆர்டர் உருவாக்கும்போது அமௌண்ட் என்றொரு புலத்தை நிரப்ப வேண்டும். 500 ரூபாய் வசூலிக்க வேண்டுமென்றால் அதில் 500 என்று போடக் கூடாது, 50000 என்று போட வேண்டும். தொகையை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில், அதாவது பைசாவில் கேட்கிறார்கள். ஸ்ட்ரைப்பிலும் இதே முறைதான். இரண்டு நிறுவனங்களுமே தங்கள் டாக்குமென்டேஷனில் இதைத் தெளிவாக எழுதியிருக்கின்றன. இப்போது ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்த ஏபிஐயைச் சுற்றி ஒரு சின்னக் கருவி எழுதி, அதை ஏஐ ஏஜென்ட்டின் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் பெயர் 'பேமென்ட் லிங்க் உருவாக்கு'. விளக்கம்: 'வாடிக்கையாளருக்குப் பணம் கட்டும் லிங்க் உருவாக்கும்.' அமௌண்ட்டுக்கு எதிரே 'தொகை, முழு எண்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் 'இந்தக் கஸ்டமருக்கு 500 ரூபாய்க்கு லிங்க் அனுப்பு' என்கிறார். ஏஜென்ட் 500 என்று நிரப்புகிறது. ஐந்து ரூபாய்க்கு லிங்க் போகிறது. எர்ரர் எதுவும் வராது, ஏனென்றால் ஐந்து ரூபாயும் செல்லுபடியாகும் தொகைதான். ஏஜென்ட்டும் 'அனுப்பியாகிவிட்டது' என்று பதில் சொல்லிவிடும்.

மாடலுக்கு விவரம் போதவில்லை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ரேசர்பே பைசாவில் கேட்கும் என்பது மாடலுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். அப்படித் தெரிந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிதாகும். கருவியை எழுதியவர் உள்ளேயே நூறால் பெருக்கி அனுப்பும்படி எழுதியிருந்தால், விவரம் தெரிந்த மாடல் 50000 என்று நிரப்பும், லிங்க் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் போகும். ஒன்றுமே தெரியாத மாடல் ஒரு பக்கம் தவறும், நன்றாகத் தெரிந்த மாடல் மறுபக்கம் தவறும். சரி, 'எப்போதும் நூறால் பெருக்கு' என்று எழுதிவிடலாமா என்றால் அதுவும் போதாது. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு கிடையாது. குவைத் தினாருக்கோ தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம். 'தொகை பைசாவில்; 500 ரூபாய்க்கு 50000; இந்திய ரூபாய் மட்டுமே ஏற்கப்படும்' என்று ஒரே வரி எழுதியிருந்தால் இத்தனையும் தீர்ந்திருக்கும். அந்த வரி இல்லாததுதான் பிழை. கருவியின் நிரலைப் போலவே அதன் விளக்கமும் உற்பத்திக்குப் போகிற சரக்கு, அதில் விட்டுப்போன ஒரு வரியும் நிரலில் இருக்கும் ஒரு பக் மாதிரியேதான் எண்ணப்பட வேண்டும். இந்தப் பதிவில் நான் வாதிடப்போவது இதைத்தான்.

ஏஜென்ட்டுக்கு ஒரு கருவி எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற எம்சிபியை வெளியிட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். கருவிக்கு ஒரு பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா. இந்த மூன்றும் எழுத்தாக மாடலின் கான்டெக்ஸ்டுக்குள் போகின்றன. கருவியின் நிரல் போவதில்லை. நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய நிரல் எவ்வளவு நேர்த்தியானது என்று மாடலுக்குத் தெரியாது. அது பார்ப்பது அந்தச் சில வரிகளை மட்டும்தான். அதைப் படித்துத்தான் இந்தக் கருவியை இப்போது எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் எதை நிரப்புவது என்று முடிவெடுக்கிறது. முன்பெல்லாம் டாக்குமென்டேஷன் கருவிக்குப் பக்கத்தில் இருந்தது, வேண்டியவர் எடுத்துப் படித்தார், வேண்டாதவர் விட்டார். இப்போது அது கருவிக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் நடுவில் வந்து நிற்கிறது.

மனிதர்கள் அரைகுறை டாக்குமென்டேஷனோடு இத்தனை காலம் எப்படிச் சமாளித்தார்கள்? கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸின் முதல் கையேட்டை 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளியிட்டார்கள். ஒவ்வொரு கமாண்டுக்கும் பெயர், எப்படி எழுதுவது, என்ன செய்யும், எந்தெந்த ஃபைலைத் தொடும் என்று வரிசையாகச் சொன்ன கையேடு அது. அதில் 'பக்ஸ்' என்று ஒரு பகுதியும் இருந்தது. தாங்கள் எழுதிய கருவியில் எது சரியாக வேலை செய்யாது என்பதை எழுதியவர்களே கையேட்டில் ஒப்புக்கொண்டார்கள். அந்த மரபை நான் மிகவும் மதிக்கிறேன், இன்றைய பெரும்பாலான ஏபிஐ பக்கங்களில் அந்த நேர்மையைக் காண முடிவதில்லை. ஆனாலும் அந்தக் கையேடு மிகச் சுருக்கமானது. யுனிக்ஸ் உருவான பெல் லேப்ஸில் அதைப் படித்தவர்களுக்கு, புரியாவிட்டால் எழுதியவரையே போய்க் கேட்கும் வசதி இருந்தது. அதற்குப் பின் வந்த தலைமுறைகளுக்கும் ஏதோ ஒரு வடிவில் அந்த வசதி தொடர்ந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தேடினார்கள், டீம் சாட்டில் கேட்டார்கள், டெஸ்ட் சர்வரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். டேஷ்போர்டில் ஐந்து ரூபாய் என்று தெரிந்ததும் 'ஐயோ' என்று நிறுத்தினார்கள். டாக்குமென்டேஷனில் இருந்த ஓட்டைகளை மனிதர்களின் பேச்சு அடைத்துக்கொண்டே இருந்தது. அதனால் ஓட்டை எவ்வளவு பெரிது என்று எழுதியவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

ஏஜென்ட்டுக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. சந்தேகம் வந்தால் பயனரைக் கேட்கும்படி அதை வடிவமைக்கலாம், நல்ல ஏஜென்ட்டுகள் சில நேரம் கேட்கவும் செய்கின்றன. ஆனால் சந்தேகம் வந்தால்தானே கேட்கும்? மொழி மாடலின் இயல்பு, இடைவெளி இருக்கும் இடத்தில் பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்புவது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் ஆய்வு நல்ல சான்று. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் 16 மாடல்களிடம் நிரல் எழுதச் சொல்லி, கிடைத்த 5,76,000 நிரல் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். அந்த நிரல்கள் நிறுவச் சொன்ன பேக்கேஜ்களில், உலகில் எங்குமே இல்லாத பெயர்கள் மட்டும் 2,05,474. ஒவ்வொன்றும் நம்பும்படியான பெயர், இருந்திருக்க வேண்டியதைப் போன்ற பெயர். பேக்கேஜ் பெயரில் நடப்பது பாராமீட்டரிலும் நடக்கும், தேதியிலும் நடக்கும், தொகையிலும் நடக்கும்.

விளக்கத்தைத் திருத்தினால் உண்மையிலேயே வித்தியாசம் வருமா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் ஆய்வு இதற்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய எண்களைத் தருகிறது. அது முழுக்க டாக்குமென்டேஷன் பற்றிய ஆய்வு அல்ல, கருவிகளையும் அவை திருப்பித் தரும் பதில்களையும் ஏஜென்ட்டுக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது என்பது பற்றியது. ஆனால் மாடலை மாற்றாமல், அதற்கும் கணினிக்கும் இடையில் இருப்பதை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள் என்பதால் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. கிட்ஹப்பில் பதிவான நிஜமான பிழைகளைத் திருத்தும் சோதனை அது. ஜிபிடி-4 டர்போவுக்குச் சாதாரண லினக்ஸ் ஷெல்லை மட்டும் கொடுத்தபோது 300 பிழைகளில் 11 விழுக்காட்டைத் தீர்த்தது. அதே மாடலுக்கு, ஏஜென்ட்டை மனத்தில் வைத்து வடிவமைத்த சில கமாண்டுகளைக் கொடுத்தபோது 18 விழுக்காடு.

அந்த ஆய்வில் இன்னும் உள்ளே போனால்தான் விஷயம் சுவையாகிறது. ஃபைலைத் திறந்தால் ஒரு நேரத்தில் 100 வரி காட்டியபோது 18 விழுக்காடு கிடைத்தது. 30 வரியாகக் குறைத்ததும் 14.3க்கு இறங்கியது. முழு ஃபைலையும் மொத்தமாகக் காட்டியபோது 12.7. ஃபைலைத் திருத்தும் கமாண்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார்கள். திருத்தத்தில் இலக்கணப் பிழை இருந்தால் அதை ஏற்காமல், என்ன பிழை என்று காட்டித் திருப்பி அனுப்பிவிடும். அந்த ஏற்பாட்டை எடுத்ததும் 18 விழுக்காடு 15 ஆனது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது தேடல் கருவியின் கதை. மனிதர்கள் எடிட்டரில் தேடுவதைப் போல, 'அடுத்தது, அடுத்தது' என்று ஒவ்வொரு முடிவாகக் காட்டும் தேடலைக் கொடுத்தபோது கிடைத்தது 12 விழுக்காடு. தேடல் கருவியே கொடுக்காமல் விட்டபோது 15.7. அதாவது மனிதருக்குப் பழகிய ஒரு கருவி, கருவியே இல்லாததைவிட மோசமாக ஏஜென்ட்டைத் தடுமாற வைத்தது. எல்லா முடிவுகளையும் அது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், இடத்தையும் காசையும் தீர்த்துவிட்டது.

ஆந்த்ரோபிக்கின் பொறியாளர்களும் இதே சோதனைக்கு ஏஜென்ட் அமைத்தபோது, மொத்த அறிவுறுத்தலைவிடக் கருவிகளைச் செதுக்குவதில்தான் அதிக நேரம் செலவானது என்று 2024 டிசம்பரில் எழுதினார்கள். ஏஜென்ட் மூல ஃபோல்டரை விட்டு வேறு ஃபோல்டருக்குப் போனபின் ஃபைலின் சார்புப் பாதையைத் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. எப்போதும் முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தத் தவறு நின்றுபோயிற்று. இணையத் தேடல் கருவியைப் பற்றி அவர்களே பின்னர் சொன்ன இன்னொரு கதை. மாடல் தேவையே இல்லாமல் தேடும் சொற்களோடு 2025 என்று ஒட்டி, முடிவுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. கருவியின் விளக்கத்தைத் திருத்தி அதைச் சரிசெய்தார்கள். மாடலை மறுபடி பயிற்றுவிக்கவில்லை, நிரலையும் தொடவில்லை.

சரி, எதை எழுத வேண்டும்? எல்லாவற்றையும் என்று சொன்னால் அது பதில் ஆகாது. எழுதியவருக்கு மிகவும் பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் போனவற்றை எழுத வேண்டும் என்பேன். அலகு அதில் முதன்மையானது. தேதி அடுத்தது. 03/04/2025 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஸ்கீமாவில் 'தேதி, சரம்' என்று மட்டும் இருந்தால், பன்னிரண்டாம் தேதிவரை எர்ரரே வராமல் தவறான நாளில் முன்பதிவு நடக்கும், பதின்மூன்றாம் தேதிதான் முதன்முதலாக எர்ரர் வரும். பெயர் இன்னொன்று, இது நம்மவர்களுக்கு நேரடியாக வலிக்கும் இடம். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டும் கட்டாயம் என்று ஸ்கீமா சொல்கிறது. வந்தவர் பெயர் இனிஷியலோடு ஒற்றைப் பெயர். ஏஜென்ட் இனிஷியலையே லாஸ்ட் நேமாகப் போடலாம், அப்பா பெயரைத் தேடி எடுத்துப் போடலாம், அதே பெயரை இரண்டு முறை போடலாம், வெறும் புள்ளி வைக்கலாம். விமான டிக்கெட்டில் இந்த நான்கில் எது நடந்தது என்பது விமான நிலையத்தில்தான் தெரியும். 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பவும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு இன்னதைப் போடவும். தெரியாவிட்டால் பயணியைக் கேட்கவும்' என்று எழுத இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் லாஸ்ட் நேம் இல்லாத மனிதர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது எழுதுகிறவர் நினைவில் இருக்க வேண்டும்.

அதைவிடவும் புறக்கணிக்கப்படுவது தோல்வி. ஒரு கருவி எப்படி வெற்றி பெறும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எப்படித் தோற்கும் என்று எழுதுவோர் குறைவு. கர்ல் கமாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவரியிலிருந்து ஃபைலை இறக்கச் சொல்கிறோம். அந்த ஃபைல் அங்கே இல்லை, சர்வர் 404 என்கிறது. கர்ல் இயல்பாக அந்த 404 பக்கத்தையே இறக்கிவைத்துவிட்டு, எக்ஸிட் கோட் பூஜ்யம் என்று வெற்றியோடு முடித்துக்கொள்ளும். அதன் பார்வையில் அது சரி, கேட்டதைப் போய் வாங்கி வந்துவிட்டது. மைனஸ் எஃப் என்ற தேர்வைச் சேர்த்தால்தான் 22 என்று தோல்வியைச் சொல்லும். இது கர்லின் கையேட்டில் எழுதப்பட்டிருக்கிறது, பழகியவர்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் அலுவலகக் கருவி உள்ளே கர்லை வைத்துக்கொண்டு வெளியே 'ஃபைலை இறக்கும்' என்று மட்டும் சொன்னால், ஏஜென்ட் அந்தப் பிழைப் பக்கத்தைத் தரவு என்று நம்பி அடுத்த வேலைக்குப் போகும். காலியான பதிலும் இப்படித்தான். 'ஆர்டர்களைத் தேடு' என்ற கருவி வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. ஆர்டரே இல்லையா, தேட அனுமதி இல்லையா, தேதி வரம்பு தவறா? மூன்றுக்கும் ஒரே காலிப் பட்டியல் என்றால், ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் 'உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் இல்லை' என்று அடித்துச் சொல்லிவிடும். எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் குழுவினர் இதையும் கவனித்திருந்தார்கள். கமாண்ட் ஒன்றும் அச்சிடாமல் முடிந்தால், கமாண்ட் ஓடி முடிந்தது, வெளியீடு எதுவும் இல்லை என்று வாக்கியமாகவே மாடலுக்குச் சொன்னார்கள். மௌனத்தை ஊகத்துக்கு விடவில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் பிழைச்செய்தியும் டாக்குமென்டேஷன்தான், சரியான நேரத்தில் படிக்கப்படும் டாக்குமென்டேஷன். 'தவறான கோரிக்கை' என்று வெறுமனே சொல்லும் செய்தி ஏஜென்ட்டை மீண்டும் ஊகிக்க வைக்கிறது. அது ஒவ்வொரு பாராமீட்டராக மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும். 'தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின் வருகிறது. ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் கொடுக்கவும், எடுத்துக்காட்டு 2025-04-03' என்று சொன்னால் அடுத்த முயற்சியிலேயே சரியாகிவிடும். மீண்டும் முயலலாமா கூடாதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் அனுப்பும் கருவி நேரம் கடந்துபோய் விழுந்துவிட்டால், பணம் போயிற்றா இல்லையா என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாது. ஸ்ட்ரைப் இதற்காகவே ஐடெம்பொட்டன்சி கீ என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதே கீயோடு மறுபடி அனுப்பினால் இரண்டாவது முறை பணம் எடுக்கப்படாது, முதல் பதிலே திரும்ப வரும். உங்கள் கருவியில் அப்படி ஒரு பாதுகாப்பு இருந்தால் அதை விளக்கத்திலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால், இல்லை என்பதை இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள்.

எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதும் எழுத வேண்டியதுதான். ஃபைண்ட் கமாண்டின் கையேட்டில் டெலீட் தேர்வுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதைக் கமாண்டின் தொடக்கத்தில் போட்டால், மற்ற வடிகட்டல்கள் வேலை செய்வதற்கு முன்பே, கொடுத்த ஃபோல்டருக்குக் கீழே இருக்கும் அனைத்தையும் அழிக்க முயலும் என்கிறது. எழுதியவருக்கு அடிபட்டவர்களின் நிலை தெரிந்திருக்கிறது. சில நேரம் விளக்கம் எழுத உட்காரும்போதுதான் கருவியே கோணல் என்று தெரியவரும். கிட் செக்அவுட் என்ற ஒரே கமாண்ட், கிளை மாறுவதற்கும் ஃபைலில் செய்த மாற்றங்களைத் தூக்கியெறிவதற்கும் சேர்த்துப் பயன்பட்டது. ஒன்று ஆபத்தில்லாதது, மற்றது செய்த வேலையை அழிப்பது. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 இதை ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று இரண்டு கமாண்டாகப் பிரித்தது. ஒரு கருவியை விளக்க 'ஆனால்', 'தவிர' என்று நாலைந்து இடத்தில் எழுத வேண்டி வந்தால், விளக்கத்தை நீட்டுவதைவிடக் கருவியை உடைப்பதுதான் சரி.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அடிக்கடி கேட்பது இது: மாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு கெட்டிக்காரத்தனமாகி வருகின்றன, இன்று உட்கார்ந்து எழுதுவதெல்லாம் நாளை தேவைப்படாது. மாடல்கள் வளர்வது உண்மை. பாராமீட்டர் பெயரைத் தப்பாக எழுதும் மாதிரியான தவறுகள் குறைந்துகொண்டே வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கருவி உள்ளே நூறால் பெருக்குகிறதா இல்லையா என்பது புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கும் விஷயம் அல்ல. அது ஒரு தகவல். அது உங்கள் தலையில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. எவ்வளவு படித்த கணக்காளராக இருந்தாலும், புதிதாகச் சேர்ந்த கடையில் எந்த வாடிக்கையாளருக்குக் கடன் உண்டு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். அறிவு கூடக்கூட ஊகம் மெருகேறும், அதனால் தவறான ஊகத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

அடுத்த வாதம், ஏஜென்ட் நிரலையே படித்துக்கொள்ளட்டும் என்பது. உள்ளூரில் இருக்கும் திறமூலக் கருவிக்கு இது ஓரளவு பொருந்தும், நிரலைப் படித்துப் புரிந்துகொள்வதில் இன்றைய மாடல்கள் உண்மையிலேயே திறமையானவை. ஆனால் இணையத்துக்கு அப்பால் ஓடும் ஏபிஐயின் நிரல் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், நிரல் என்ன செய்கிறது என்றுதான் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள் என்று சொல்லாது. காலிப் பட்டியலைத் திருப்பித் தருவது வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா? நிரலைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

கனமான வாதம் நீளத்தைப் பற்றியது. எல்லாவற்றையும் எழுதினால் விளக்கம் நீண்டுபோகும், ஐம்பது கருவிகளின் விளக்கமே கான்டெக்ஸ்டை நிரப்பிவிடும், மாடல் எதையும் ஒழுங்காகக் கவனிக்காது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். முழு ஃபைலைக் காட்டியபோது வெற்றி விழுக்காடு சரிந்ததைப் பார்த்தோம். ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோட், கருவிகளின் பதிலுக்கு 25,000 டோக்கன் என்று இயல்புநிலை வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன்களாக உடைகிறது, வரம்பு சீக்கிரம் முட்டும். ஆகவே எழுதுவது என்பது தேர்ந்தெடுப்பதும்தான். 'சக்திவாய்ந்த', 'எளிதான', 'நவீன' போன்ற அடைமொழிகளை வெட்டுங்கள், அவை எந்த முடிவுக்கும் உதவாது. பெயரைப் பார்த்தே புரிகிற பாராமீட்டருக்கு விளக்கம் வேண்டாம். யூசர் என்ற பெயரை யூசர் ஐடி என்று மாற்றினாலே ஒரு வாக்கியம் மிச்சமாகும். தினமும் வேண்டியதை முன்னால் வையுங்கள், அபூர்வமாக வேண்டியதைத் தேவைப்படும்போது எடுத்துப் படிக்கும்படி தனியே வையுங்கள். ஜெரமி ஹோவர்டு 2024 செப்டம்பரில் முன்வைத்த எல்எல்எம்எஸ் டாட் டெக்ஸ்ட் யோசனையின் உள்ளடக்கமும் இதுதான்: இணையதளத்தின் வாசலில் சுருக்கமான ஒரு எழுத்துக் கோப்பு, விரிவானவற்றுக்கு அங்கிருந்து இணைப்பு.

டாக்குமென்டேஷன் எழுதிய மறுநாளே பழசாகிவிடும் என்பார்கள். பழசாகிவிட்ட விளக்கம் விளக்கமே இல்லாததைவிட ஆபத்தானது என்பதும் சரியே, மனிதர் சந்தேகிப்பார், ஏஜென்ட் நம்பிவிடும். ஆனால் இந்த இடத்தில்தான் நமக்கு ஒரு புதிய வசதி கிடைத்திருக்கிறது. விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கும் டாக்டெஸ்ட் பைத்தானில் 2001லிருந்தே இருக்கிறது. அது எடுத்துக்காட்டு சரியா என்று மட்டும்தான் பார்க்கும், படிப்பவருக்குப் புரிந்ததா என்று பார்க்காது. இப்போது அதையும் சோதிக்கலாம். கருவியையும் விளக்கத்தையும் மட்டும் கொடுத்து, இருபது நிஜமான வேலைகளை ஏஜென்ட்டிடம் சொல்லி ஓட்டிப் பாருங்கள். எங்கே தவறான கருவியை எடுத்தது, எந்தப் பாராமீட்டரை ஊகித்தது, எங்கே மூன்று முறை சுற்றியது என்பதெல்லாம் பதிவில் இருக்கும். ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் மாற்றம் எண்ணிக்கையில் தெரியும். எழுத்தின் தெளிவை இப்படி அளந்து பார்க்கும் வாய்ப்பு தொழில்நுட்பக் கையேடு எழுதுகிறவர்களுக்கு இதற்கு முன் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வெளியீட்டிலும் நிரலுக்கான டெஸ்டோடு இதையும் சேர்த்து ஓட்டினால், பழசாகிப்போன வரி தானே மாட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபத்தை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஏஜென்ட் விளக்கத்தை நம்பும் என்றால், கெட்ட எண்ணத்தோடு எழுதிய விளக்கத்தையும் நம்பும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் இதைச் செய்தே காட்டியது. பார்வைக்கு அப்பாவியான ஒரு எம்சிபி கருவியின் விளக்கத்துக்குள் ரகசிய ஃபைல்களைப் படித்து அனுப்பும்படி கட்டளையை ஒளித்துவைத்தால், மாடல் அதன்படி நடக்கிறது. எம்சிபியின் விதிகளிலும், இந்தக் கருவி படிக்க மட்டும், இந்தக் கருவி அழிக்கும் என்று சொல்லும் குறிப்புகளை, நம்பகமான சர்வரிடமிருந்து வந்தாலொழிய நம்பக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே விளக்கம் ஒருபோதும் அனுமதிக்கு மாற்று ஆகாது. 'புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிக்காதே' என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டு அழிக்கும் அதிகாரமுள்ள கீயையும் ஏஜென்ட்டிடம் கொடுப்பது பொறுப்பான வேலை அல்ல. அழிக்கக் கூடாது என்றால் அழிக்க முடியாத கீயைக் கொடுங்கள், விளக்கத்தில் அந்த வரம்பைச் சொல்லுங்கள். வெளியிலிருந்து நிறுவும் கருவிகளின் விளக்கத்தை ஒரு மனிதர் வரிவரியாகப் படித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் இயந்திரத்துக்காக எழுத வேண்டுமா, மனிதர்களுக்கே நாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்ததில்லையே என்று சிலர் வருத்தத்தோடு கேட்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் மேலே சொன்னவற்றில் மனிதருக்குப் பயன்படாதது ஒன்றும் இல்லை. அலகு, தேதி வடிவம், காலிப் பதிலின் பொருள், மீண்டும் முயலலாமா என்பது, எப்போது தொடக் கூடாது என்பது — வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரத்தில் இருக்கும் இளைஞர் கேட்கத் தயங்கும் கேள்விகள் இவை. டீமில் மூத்தவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் விடுப்பில் போனால் வேலை நிற்கிற விஷயங்களும் இவையே.

உங்கள் டீம் சாட்டைத் திறந்து, உங்கள் கருவியைப் பற்றிக் கடந்த ஒரு மாதத்தில் மற்றவர்கள் கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் தேடி எடுங்கள். அந்தப் பதில்களில் எத்தனை கருவியின் விளக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இல்லாதவற்றை இந்த வாரமே அங்கே எழுதிவிடுங்கள்.